வெர்லினின் வெறும் பானை

தீவின் மலையூரான மோர்ன் லாவியில் ஆயில் டவுன் என்ற ஒரே பானைச் சமையலுக்கு அடுக்குவதென்றால் முதலில் சண்டை வரும், பிறகுதான் நெருப்பு வரும். அடியில் உப்புக்கண்டம், அதன்மேல் சீமைப்பலாத் துண்டுகள், வாழைக்காய். அதுவரைக்கும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்குமேல் சேம்பிலையா, மாவுருண்டையா என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிளக்கும். உருண்டைதான் மேலே வரவேண்டும், ஆவியில் வெந்தால்தான் அது மெத்தென்று இருக்கும் என்பது கத்பர்ட்டின் கட்சி. இலைதான் மேலே, இலைதான் பானைக்குப் போர்வை என்பது வெர்லினின் கட்சி. இருவரும் இளவட்டங்களாக இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கு இது. தீர்ப்பு வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாது என்பதால் ஊரும் அதை முடித்துவைக்க அவசரப்படவில்லை.

அடுக்கியபின் மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றி, ஒரு முழு மிளகாயை உடையாமல் மேலே வைத்து மூடிவிட வேண்டும். கிளறக் கூடாது. பால் முழுவதும் உள்ளே இறங்கி, அடியில் எண்ணெய் மட்டும் மினுங்கும்வரை சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். சிலர் டாமினோ ஆடுவார்கள், சிலர் ரம் குடிப்பார்கள், எல்லோரும் ஊர் வம்பு பேசுவார்கள். ஒன்று மட்டும் யாரும் செய்யமாட்டார்கள்: பானைப் பக்கம் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஒருத்தர் பலாக்காய் கொண்டுவருவார், ஒருத்தர் தேங்காய். ஒன்றுமில்லாதவர் விறகு பொறுக்கி வருவார். பாதிரியார்கூட வேலியோரத்து ஓமவல்லியில் ஒரு கொத்து கிள்ளிக்கொண்டுதான் வந்து உட்காருவார்.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்த வெர்லின்தான் அந்த வெள்ளிக்கிழமை அப்படிச் செய்தாள்.

வெர்லினைக் கர்வம் பிடித்தவள் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அவள் கர்வத்துக்குக் காரணம் இருந்தது. கீழே கடற்கரையில் இருக்கும் பெரிய ஓட்டலின் சமையற்கட்டில் அவள் பல வருஷம் உருளைக்கிழங்கு உரித்தவள். கிழங்கு கப்பலில் வரும். கேரட் கப்பலில் வரும். வாழைப்பழம்கூட, கேட்டால் சிரிப்பீர்கள், பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கப்பலில் வரும். மாலையில் மலையேறி வீட்டுக்கு வந்தால் வாசலில் அவளுடைய சீமைப்பலா பழுத்து விழுந்து, ஈ மொய்த்துக் கிடக்கும். பெரும்புயலில் முறிந்து, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வந்த மரம் அது. அப்படி உயிர்பிழைத்த மரத்தின் காயைத் தின்ன ஆளில்லாமல் மண்ணில் அழுகவிட்டு, எவனோ எங்கேயோ விளைவித்த கிழங்கைத் தான் உரித்துக் கொண்டிருந்தோமே என்று நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறெரியும். ஒருநாள் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டாள். மலையில் காடு கழனி வைத்திருந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, எங்கள் விளைச்சலை வாங்குங்கள் என்று ஓட்டலின் படியேறத் தொடங்கினாள்.

மேனேஜர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. கடைசியாக வந்தவள் அல்தியா. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள், ஆனால் இந்தத் தீவின் பெண்தான். வடக்கே மீன்பிடி ஊரில் பிறந்தவள். அவள் மட்டும் வெர்லினை உட்காரவைத்துப் பேசினாள். வெள்ளிக்கிழமை இரவு விருந்தில் ஆயில் டவுன் வைத்துப் பார்ப்போம், விருந்தாளிகளுக்குப் பிடித்தால் இந்த சீசன் முழுவதற்கும் கிழங்கும் கீரையும் பலாவும் மோர்ன் லாவியிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அடுத்த கப்பலுக்குத் திங்கட்கிழமை சொல்லியனுப்ப வேண்டும், அதற்குள் முடிவு தெரிய வேண்டும். ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பா இருக்கணும், மிஸ் வெர்லின். ஊர்ல ஆளுக்கொண்ணு கொண்டுவந்து போடறது எனக்கும் தெரியும். நாளைக்கு ஒரு கெஸ்ட்டுக்கு வயித்த வலின்னா நான் யார் வாசல்ல போய் நிக்கறது?"

கேட்டவுடன் வெர்லின் சரி என்றுவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. அல்தியா கேட்டது பொறுப்புக்கு ஓர் ஆளை. வெர்லினின் காதில் விழுந்தது வேறு. ஓட்டல் வாசல் பலகையில் 'மிஸ் வெர்லினின் பானை' என்று சாக்பீஸில் எழுதப்போகிறோம் என்று அல்தியா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள் பாருங்கள், அதற்குப் பிறகு சொன்ன எதுவும் வெர்லினின் மண்டையில் ஏறவில்லை. ஊருக்கு வந்து, இந்தத் தடவை யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம், எல்லாம் என் தோட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சேம்பிலை வளர்க்கும் அயோனி, "அப்ப நாங்க வந்து வேடிக்கை பாக்கறதா?" என்று கேட்டாள்.

அவள் தோட்டத்தில் எல்லாம் இருந்தது, தேங்காயைத் தவிர. மோர்ன் லாவியில் தென்னை என்றால் அது கத்பர்ட்டின் தென்னை. வெர்லினின் செத்துப்போன புருஷனுக்கு அவர் பெரியப்பா மகன். ஒரு சொல் சொன்னால் மரமேறித் தானே காய் பறித்துப் போட்டிருப்பார். ஆனால் அவர் காய் வந்தால் பின்னாலேயே அவர் வாயும் வரும். ஓட்டல் புல்வெளியில், வெள்ளைக்காரர்கள் முன்னால், உருண்டை மேலேதான் வரணும் என்று அவர் கத்தப்போவதை நினைத்தாள். வியாழக்கிழமை பஸ் பிடித்துச் சந்தைக்குப் போய்த் தேங்காய் வாங்கினாள்.

திரும்பி வரும்போது, சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அதே பஸ்ஸில் கத்பர்ட் ஏறினார். அவள் பக்கத்து இருக்கைதான் காலி. உட்கார்ந்து, சாக்கின் வாயை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"தேங்காயா?"

"தேங்காதான்ணே."

பஸ் வளைவு திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே அவருடைய தென்னைகளே வரிசையாக வந்தன. அவர் அவற்றைக் கடைசி மரம்வரை பார்த்தார்.

"என் மரத்துல நோய் விழுந்துருச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"அப்படியில்லண்ணே. ஓட்டல்ல ஒரே ஆளோட பொறுப்புன்னு..."

"ஓ. சந்தையில காய் விக்கிறவ உன் ஒரே ஆளுக்குள்ள அடங்குவா. நான் அடங்கமாட்டேன்."

அவர் சாக்கின் வாயை மூடிவிட்டு எழுந்தார். தம் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி, வெயிலில் நடந்து போனார். வெர்லினுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நாளைக்கு ஜெயித்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சீசன் முழுவதும் ஓட்டலுக்குக் காய் போனால் அவர் தென்னைக்கும்தானே லாபம்.

வெள்ளிக்கிழமை அவள் சமையலில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஓட்டல் புல்வெளியின் ஓரத்தில் கல் கூட்டி, பெரிய பானையைத் தனியாளாக அடுக்கினாள். உப்புக்கண்டத்தை அளவாக ஊறவைத்திருந்தாள். பலாக்காய் நேற்றுவரை மரத்தில் இருந்தது. இலையை மேலே போர்த்தினாள். ஒருத்தர் குறுக்கே வரவில்லை. ஓட்டல் ஆட்கள் தூரத்தில் மேசைவிரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். பானை கொதிக்கும் நேரமெல்லாம் அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பரிமாறும் நேரத்தில் வெள்ளைக் கோப்பைகள் வந்தன. பரிமாறுகிற பையன்கள் மேலிருந்து மொண்டார்கள். ஆகவே முதல் வரிசைக்கு இலை மட்டும் கிடைத்தது, அடுத்த வரிசைக்கு உருண்டை மட்டும் கிடைத்தது. அதற்குள் பொரித்த கோழியும் பீட்சாவும் வந்துவிட்டதால் அடிவரைக்கும் யாரும் போகவேயில்லை. ஒரு மனிதர் இது பூசணிக்காயா என்று கேட்டார். ஒரு அம்மாள் சாஸ் கேட்டாள். தலைநரைத்த இன்னொரு பெண்மணி மட்டும் பானையருகே வந்து இது எப்படிச் செய்வது என்று விசாரித்தாள். வெர்லின் வாயைத் திறப்பதற்குள் பாட்டுக்காரர்கள் தாளம் போட ஆரம்பித்தார்கள். பெண்மணி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மீதியைப் பார்த்தால் பானையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. அதை வேலையாட்களுக்கென்று ஒரு தட்டத்தில் கொட்டிவிட்டார்கள்.

அதைக்கூட வெர்லின் பொறுத்துக்கொண்டாள். பானையை எடுக்கச் சமையற்கட்டுப் பின்புறம் போனபோது, பாத்திரம் கழுவுகிறவர் அதில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு ஊறவைத்திருந்ததைப் பார்த்தாள். அடிக்காந்தல் நுரையில் மிதந்தது. பானையின் அடியில் எண்ணெயில் முறுகி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பொருக்குக்காக மோர்ன் லாவியில் கூடப்பிறந்தவர்களே பேச்சு வார்த்தையில்லாமல் இருந்திருக்கிறார்கள். அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு, மூடியை மறந்துவிட்டு நடந்தாள்.

அல்தியா வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"ருசியில ஒண்ணும் சொல்றதுக்கில்ல, மிஸ் வெர்லின். ஆனா அவங்களுக்கு இது என்னன்னே பிடிபடல. இத வெச்சு ஒரு சீசனுக்கு நான் எப்படிக் கேக்கறது? வெள்ளிக்கிழமைக்கு வழக்கமான மீன் விருந்தே இருக்கட்டும்."

வெர்லின் தலையசைத்தாள். வாசல் பலகையில் 'மிஸ் வெர்லினின் பானை' என்று அழகாக எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தார்கள். தன் பெயரை அந்த இடத்தில் பார்க்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் முழுவதும் அவள் வெளியே தலைகாட்டவில்லை. மத்தியானம் கொல்லையில் தொப்பென்று ஒரு பலாப்பழம் விழுந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சாயங்காலம் அயோனிதான் வந்தாள். கோபத்தோடு வந்தவள்தான், ஆனால் வெர்லினின் மூஞ்சியைப் பார்த்ததும் கோபத்தை வாசலில் விட்டுவிட்டாள்.

"பானை எப்படிக்கா வந்துச்சு?"

"நல்லா வந்துச்சு."

"அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்க?"

வெர்லின் மூலையில் கிடந்த மூடியில்லாத பானையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"யாரும் சண்டையே போடல, அயோனி. நான் இலைய மேல வெச்சேன். ஏன்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

சொல்லிவிட்டு அழுதாள். அயோனி அவளை அழவிட்டாள். கத்பர்ட் அண்ணன் ரெண்டு நாளாக ரம் கடைப் பக்கம்கூட வரவில்லை என்று மட்டும் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே சாலையில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, வெர்லின் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே, தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் பெரிய பானையை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூடியில்லாத பானை. உள்ளே ஒன்றுமில்லை என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. மோர்ன் லாவியில் வெறும் பானையைச் சுமந்து யாரும் நடப்பதில்லை. பானை இருக்கும் இடத்துக்குத்தான் சரக்கு போகும், சரக்கு இருக்கும் வாசலுக்குப் பானை போகாது. பேச்சு நின்றுவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல், கழுத்தை நிமிர்த்தியே நடந்து கத்பர்ட்டின் முற்றத்துக்குள் நுழைந்தாள்.

அவர் மாமரத்தடியில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். அவள் பானையை இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.

"வெறும் பானைண்ணே."

அவர் கையிலிருந்த கட்டையை மேசையில் படாரென்று அடித்தார்.

"ஏன், சந்தையில தேங்கா தீந்துபோச்சா?"

"உன் தேங்கா வேணும்ணே. உன் வாயும் வேணும்."

கூட ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். கத்பர்ட் நீண்ட நேரம் பானைக்குள் பார்த்தார். உள்ளே என்ன தெரிந்ததோ அவருக்கு. எழுந்து வீட்டுக்குள் போய், உரித்த தேங்காய்களை இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பானைக்குள் போட்டார்.

"உருண்டை மேல," என்றார்.

"அடுப்புகிட்டப் பேசிக்கலாம்," என்றாள் வெர்லின்.

அதற்குப் பிறகு பானை அவள் தலைக்கு ஏறவில்லை. கத்பர்ட் பானையின் ஒரு காதைப் பிடித்தார், வெர்லின் மறு காதைப் பிடித்தாள். வீடு வீடாகப் போனார்கள். எந்த வாசலிலும் நல்ல வார்த்தை முதலில் கிடைக்கவில்லை. ஓட்டல் மகாராணி வந்துட்டாங்க, சிம்மாசனம் போடுங்க என்று ஒருத்தி சொன்னாள். வெள்ளைக்காரங்க மிச்சம் வெச்சதுக்கு நாங்களா என்று இன்னொருவர் கேட்டார். வெர்லின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் திட்டிய வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே கை பானைக்குள் எதையாவது போட்டது. வாழைக்காய், பூசணிக்கீற்று, ஈர மண்ணோடு மஞ்சள் கிழங்கு. அயோனி ஓடைக்கரையிலிருந்து ஒரு கட்டு சேம்பிலை கொண்டுவந்து குடை மாதிரி எல்லார் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு வந்தாள். கனம் ஏற ஏற ஆட்களும் கூடிப் பிடித்தார்கள். கடைசியில் யார் பானையைத் தூக்குகிறார்கள், யார் வெறுமனே தொட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றே தெரியவில்லை.

இந்த ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கார் நத்தை வேகத்தில் வந்துகொண்டிருந்ததை ஓடைக்கரைக்கு வந்து பானையை இறக்கியபோதுதான் கவனித்தார்கள். அல்தியா இறங்கினாள். ஓட்டல் உடையில்லை, சாதாரணச் சட்டையும் செருப்பும். வெள்ளிக்கிழமை வெர்லின் போன போக்கு மனசிலேயே நின்றுவிட்டது, ஞாயிறு தனக்கு விடுமுறைதானே, ஆளிடம் கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்து தரலாம் என்று வந்ததாகச் சொன்னாள். மார்போடு அணைத்தபடி பானையின் மூடியை வைத்திருந்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவள் போகவில்லை. கல் கூட்டுவதையும், தேங்காய் துருவுவதையும், உருண்டை பிடிப்பதையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அயோனிக்கு வாய் சும்மா இருக்காது.

"நம்ம எல்லாரும் ஏதோ கொண்டு வந்திருக்கோம். இந்த மேடம் என்ன கொண்டு வந்தாங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அல்தியா கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மூடி," என்றாள்.

ஓடைக்கரை முழுவதும் சிரித்தது. கத்பர்ட் எழுந்து போய் மூடியை வாங்கி, திருப்பிப் பார்த்து, பானையை மூட வாழையிலையே போதும், இருந்தாலும் கை வெறுங்கையில்லை, உட்காரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அவளுக்கு ஒரு கல் கிடைத்தது. துருவிய தேங்காயும் மடியில் வந்து விழுந்தது. பாலைப் பிழி, சும்மா உட்காராதே என்றார்கள். முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு அவள் பிழிந்த பிழியில், இந்தக் கை இதற்கு முன்பும் தேங்காய் பிழிந்த கைதான் என்று வெர்லினுக்குத் தெரிந்துபோயிற்று.

பிறகு பானை அடுக்கும் நேரம் வந்தது. வழக்கு தொடங்கியது. இலை, உருண்டை, உருண்டை, இலை என்று குரல்கள் உயர்ந்தன. வெர்லின் இடுப்பில் கை வைத்துக் கத்தினாள். கத்தக் கத்த அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்போது அல்தியா பிழிவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"எங்க ஊர்ல உருண்டைதான் மேல."

கத்பர்ட் தொப்பியைக் கழற்றி ஆகாயத்துக்குக் காட்டினார். வெர்லின் முறைத்தாள்.

"இத வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"வெள்ளிக்கிழமை நான் மேனேஜர்," என்றாள் அல்தியா.

அன்றைக்கு உருண்டைதான் மேலே போனது. மன்னிப்புக் கேட்டு வந்தவளுக்கு அன்றைக்கு ஓட்டு கிடையாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பானை கொதித்தது. மணம் கிளம்பியபோது பக்கத்து மலைச்சரிவில் அருவி பார்க்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் சிலர் சாலையில் நின்று மூக்கைத் தூக்கினார்கள். அல்தியா அவர்களைப் பார்த்தாள், பானையைச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள், அப்புறம் வெர்லினைப் பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்து, அடிக்காந்தலுக்கு அடிதடி நடந்து, அதில் ஒரு துணுக்கு அல்தியாவின் வாய்க்கும் வந்தபிறகுதான் அவள் பேச்சைத் தொடங்கினாள். ஓட்டலுக்குப் பானையைக் கொண்டுவந்தது தப்பு, தன் தப்பும்தான் என்றாள். கெஸ்ட்டுகளை இங்கே அழைத்துவரலாமா என்று கேட்டாள். யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் அவளை இன்னும் விடவில்லை.

"இது கெட்டுப்போச்சுன்னா ஊரே படுத்துக்கும்," என்றார் கத்பர்ட். "அத விடப் பொறுப்பு உனக்கு என்ன வேணும்?"

அல்தியா சிரித்துவிட்டு வெர்லினிடம் திரும்பினாள். விருந்தாளிகளிடம் என்ன சொல்லி அழைத்துவருவது என்று கேட்டாள். பணம் கட்டியவர்கள், மேசை நாற்காலி எதிர்பார்ப்பார்கள், காத்திருக்கப் பழகாதவர்கள்.

"வெறுங்கையோட வரக்கூடாதுன்னு சொல்லு," என்றாள் வெர்லின்.

"அவங்ககிட்ட என்ன இருக்கு கொண்டுவர?"

"கை இருக்குல்ல? காலையிலேயே அனுப்பு. அயோனி இலை அறுக்கக் கூட்டிட்டுப் போவா, அண்ணன் தேங்கா பொறுக்க விடுவாரு. மஞ்சள் தோண்டட்டும். ஆளுக்கு ஒண்ணு பானைக்குக் கொண்டு வரணும். கொண்டுவராதவங்களுக்கு உன் ஓட்டல்ல பீட்சா இருக்கு பொண்ணு."

மேடம் எப்போது பொண்ணு ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. திங்கட்கிழமை கப்பலுக்குச் சொல்லியனுப்பியபோது கிழங்குக்கும் கீரைக்கும் உரிய இடத்தை மட்டும் அல்தியா எழுதாமல் விட்டுவைத்தாள். சனிக்கிழமை கெஸ்ட்டுகளை மலைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாளாம். அவள் முதலாளி என்ன கத்தினார் என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஓட்டல் வண்டி மலையேறி வந்தது. இறங்கியவர்களில், வெள்ளிக்கிழமை பானையருகே வந்து விசாரித்துவிட்டுப் போன அந்தத் தலைநரைத்த பெண்மணியும் இருந்தாள். பெயர் டோரின். இங்கிலாந்தில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவளாம். ஒரு மாதத்துக்கு வந்து தங்கியிருந்தாள். மலைச்சாலையில் ஓட்டல் டிரைவர் வண்டி திருப்பிய விதத்தைப் பற்றி இறங்கும்போதே ஒரு கண்டனம் தெரிவித்தாள். மற்றவர்கள் அயோனியோடு ஓடைக்கும், கத்பர்ட்டோடு தென்னந்தோப்புக்கும் போக, அவளுக்கு வெர்லினின் மஞ்சள் பாத்தி வாய்த்தது. முதல் கிழங்கை மண்வெட்டியால் இரண்டாக வெட்டிவிட்டு மண்ணிடமே மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினாள். எழுந்தபோது முழங்காலும் நகமும் மஞ்சளாக இருந்தன. கிழங்கைக் கழுவித் தருகிறேன் என்று வெர்லின் கேட்டும் கொடுக்கவில்லை. வழிநெடுகத் தானே வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குப் பானையைச் சுற்றி நல்ல கூட்டம். ஒருத்தர் பிழிந்தார், ஒருத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகு ஊதினார். உடம்பு பெருத்த ஒரு மனிதர் பலாக்காயின் பால் கையில் ஒட்டிக்கொள்ள, அதை எப்படிப் போக்குவது என்று தெரியாமல் விரல்களை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார். சாஸ் யாரும் கேட்கவில்லை. பானை மூடியபின் காத்திருக்கும் நேரத்தில், நெருப்பில் சுட்டுக் கொடுத்த பலாத்துண்டைத் தின்றபடி, ஓட்டலில் கிடைக்கும் உருளைக்கிழங்குக்குப் பதில் இதையே காலையிலும் கொடுக்கலாமே என்று இரண்டு பேர் அல்தியாவிடம் கேட்டதை வெர்லின் காதாரக் கேட்டாள். அல்தியா வெர்லினைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். வெர்லின் எழுந்து ஓடைப்பக்கம் போய், யாருக்கும் தெரியாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். புயலில் முறிந்த மரத்தின் காய், மோர்ன் லாவி மண்ணில் விளைந்த காய், இனிக் கப்பல்காய்க்குப் பின்னால் நிற்கவேண்டியதில்லை. இதற்காகத்தானே இத்தனை வருஷம் படியேறினாள்.

அன்றைக்கு இலையா உருண்டையா என்ற வழக்குப் பானை மூடும்வரைக்கும் போய், கத்பர்ட்டின் பக்கம் அல்தியாவும் சேர்ந்துகொண்டதால் மறுபடி உருண்டையே மேலே போயிருந்தது. சாப்பாடு நடக்கும்போது டோரின் தன் தட்டிலிருந்த உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பக்கத்து ஆளிடம், இந்த நிறத்தைப் பாருங்கள், இது என் மஞ்சள் என்று ஏற்கெனவே பலமுறை சொல்லியிருந்தாள். இப்போது கீரையை எடுத்து வாயில் போட்டு, மென்று, யோசித்து, கத்பர்ட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"உருண்டை மேல இருந்தது தப்பு. இலை அடியில குழைஞ்சு போச்சு. அது மேல வந்திருக்கணும்."

ஊர் முழுவதும் கத்பர்ட் பக்கம் திரும்பியது. கத்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கீழே அடித்தார்.

"இவ இன்னிக்கு வந்தவ. இவளுக்கு ஓட்டு கிடையாது."

வெர்லின் தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டோரினின் மஞ்சள் ஏறிய கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினாள்.

"மஞ்சள் அவ தோண்டுனதுண்ணே," என்றாள். "ஓட்டு உண்டு."